மழைப்பாட்டின் சொந்தக்காரன்

நவம்பர் 3, வெள்ளி

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் நாளை வருகிறேன் என்கிறார். அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று அவருக்கே தெரியாது.

மாலையில் 'பொன்மலைத் தேனிசை நண்பர்கள்' குழுவின் விழா ஏற்பாட்டுக் கூட்டம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், இரண்டு மூன்று டீச்சர்கள். மாதம் ஒரு ஞாயிறு சந்தை ரோட்டு மண்டபத்தில் கரோக்கி இசையை ஓடவிட்டுப் பழைய பாட்டுகளைப் பாடுகிறோம். எழுபதுகள், எண்பதுகள். அதற்கு மேல் யாராவது போனால் நான் மைக்கைப் பிடுங்கிவிடுவேன். தலைவர் என்று ஒருவரை வைத்துக்கொண்டால் அவர் எதையாவது பிடுங்கத்தானே வேண்டும்.

இருபத்தாறாம் தேதி ஆண்டு விழா. யாருக்கு எந்தப் பாட்டு என்று இன்று முடிவானது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பாட்டை நன்றாகப் பாடிப் பெயர் வாங்கிவிட்டால் அது அவருடைய பாட்டு, மற்றவர்கள் தொடமாட்டோம். அப்படி இரண்டு வருடமாக யாரும் தொடாமல் கிடக்கிறது இருதயராஜின் மழைப்பாட்டு. தொண்டையில் புற்று வந்து அவன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இந்த வருடம் விழாவுக்கு வருகிறானாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் சார் அவருக்கு நெருக்கம். அவர் முன்னால நீங்க பாடினா அவருக்கு ஆறுதலா இருக்கும்" என்றார் பொருளாளர்.

கொஞ்சம் தயங்குவதுபோல் நின்றுவிட்டுச் சம்மதித்தேன்.

அமுதவல்லி டீச்சர் இன்றும் வரவில்லை. போன மாதம் நடந்ததை மனதில் வைத்திருக்கிறார் போல. கரோக்கியில் ஒரு வகை உண்டு. வெறும் இசையாக இல்லாமல் அடியில் ஒரு குரல் மெல்லக் கூடவே வரும், பாடுகிறவருக்குத் துணைக்கு. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு பாடினார். நான் பாதியில் நிறுத்தி, இங்கே அவரவர் குரலுக்குத்தான் இடம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். விதி என்று ஒன்று இருந்தால் எல்லோருக்கும்தான்.

நவம்பர் 5, ஞாயிறு

ஞாயிற்றுச் சந்தையில் கத்தரிக்காய், சின்ன வெங்காயம். அப்படியே இருதயராஜ் வீட்டுக்கு. ஈஸ்டருக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். மோட்டார், பென்ஷன், பேத்தி என்று ஏதாவது வந்துவிடுகிறது.

இளைத்துவிட்டான். கழுத்தில் மூச்சு விடும் துளையை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. குழந்தைகள் எழுதி அழிக்கும் சிலேட்டு ஒன்றைக் கையோடு வைத்திருக்கிறான். எழுதுவான், காட்டுவான், பொத்தானை அழுத்துவான், மறைந்துவிடும்.

"உன் பாட்டை நான் பாடப்போறேன்டா. பரவாயில்லையா?" என்றேன்.

'வேற யார் பாடுவா?' என்று எழுதினான். பிறகு அழித்துவிட்டு, 'மேல போற இடத்துல வயித்தை இறுக்கு' என்று எழுதினான்.

அவன் மனைவி பிலோமி காபி கொண்டுவந்தாள். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "பேரன் போனை நோண்டி எல்லாத்தையும் அழிச்சுட்டான் அண்ணே. அவர் பாடி வெச்சிருந்தது ஒண்ணுகூட இல்ல" என்றாள். அடடா என்றேன். வேறு என்ன சொல்வது.

ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று வந்தது. முடிந்ததும் இருதயராஜ் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டினான். 'ஒன்ஸ் மோர்' என்று அர்த்தம். எழுபத்தெட்டில் நாங்கள் அப்ரெண்டிஸாக இருந்தபோது, ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கச்சேரி என்றால் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி கேரியர் மேல் ஏறி நின்று கேட்போம். டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே சும்மா இருப்பார்கள். இவன் வெளியிலிருந்து "ஒன்ஸ் மோர்" என்று கத்துவான். பாடுகிறவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் பாடுவார். டீக்கடையில் இலங்கை வானொலி, தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம், காலைச் சங்கு ஊதும்வரை லேத் மெஷின் பக்கத்தில் நின்று பாடிப் பார்த்தது. அந்த நாட்களில்தான் நான் நானாக இருந்தேன் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேலை.

நவம்பர் 7, செவ்வாய்

குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட பதிவு போட்டேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

"அந்தக் காலத்தில் ஒரே மைக். வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பாடகரும் ஒரே அறையில். யாராவது இருமினால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால்தான் அந்தப் பாட்டுகளில் உயிர் இருக்கிறது. இன்று மெஷின் பாடுகிறது, மனிதன் வாயசைக்கிறான்."

கும்பிடு பொம்மைகள் வந்து குவிந்தன. அமுதவல்லி டீச்சர் படித்திருக்கிறார். பதில் இல்லை.

நவம்பர் 9, வியாழன்

பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போனேன். மெஷினில் கட்டைவிரல் பதியவில்லை. நாற்பது வருடம் அரம் பிடித்த விரல், ரேகை தேய்ந்துவிட்டது. "நீங்க இருக்கீங்களான்னு மெஷினுக்குச் சந்தேகமா இருக்கு சார்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கடைசியில் மோதிர விரல் ஒப்புக்கொண்டது.

குளியலறையில் மழைப்பாட்டு நன்றாக வந்தது. வெளியே வந்ததும் என் மனைவி பூங்கோதை, "பாத்ரூம்ல எல்லாருமே வித்வான்தான். ஹால்ல வந்து பாடுங்க, பார்ப்போம்" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக என் ரசிகர் மன்றம் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஹாலில் பாடவில்லை.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி முடிந்தது. பட்டாசுப் புகை தொண்டையில் உட்கார்ந்துவிட்டது. பேத்தி போனில் ஏதோ ஒரு பாட்டைப் போட்டு ஆடினாள். இதெல்லாம் பாட்டா, தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டின மாதிரி இருக்கிறது என்றேன். "தாத்தா, நீங்க டான்ஸ் ஆடவே மாட்டீங்களா?" என்று கேட்டது. நாங்கள் கேட்டோம், ஆடவில்லை என்றேன். அது உண்மையில்லை. இன்ஸ்டிட்யூட் சுவரோரம் நான் ஆடிய ஆட்டத்தில் ஒருமுறை கேரியரே உடைந்தது.

நவம்பர் 19, ஞாயிறு

ஒத்திகை. பல்லவி சரி. முதல் சரணம் சரி. இரண்டாவது சரணத்தில் மேலே போகிற இடம் வந்தது, குரல் கிழிந்துவிட்டது. மறுபடியும் பாடினேன், மறுபடியும் கிழிந்தது. எல்லோரும் பாட்டுத் தாளைப் புரட்டினார்கள். அதுதான் மோசம்.

மைக்செட் காஜா பாய் பக்கத்தில் வந்தார். எங்கள் குழு ஆரம்பித்ததிலிருந்து ஒலிக்கு அவர்தான். "ஸ்கேலைக் கொஞ்சம் குறைச்சுடவா சார்? யாருக்கும் தெரியாது."

"அவன் பாடின ஸ்கேல்லதான் பாடணும் பாய். குறைச்சா அது வேற பாட்டு."

அவர் குரலைத் தணித்தார். "இருதயராஜ் சார் ஆபரேஷனுக்கு முன்னாடி என் ரூம்ல பாடி ரெக்கார்டு பண்ணது லேப்டாப்ல இருக்கு சார். அதை அடியில மெல்ல ஓட விட்டா உங்க குரலுக்கு ஒரு முட்டு மாதிரி இருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில், என்னை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். பாவம், மன்னிப்புக் கேட்டார்.

நவம்பர் 22, புதன்

இருமல். பூங்கோதை சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நாளைக்குச் சரியாகிவிடும்.

நவம்பர் 24, வெள்ளி

சரியாகவில்லை. பேசினாலே கரகரக்கிறது. பொருளாளர் போன் செய்து, இருதயராஜுக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி போட்டிருப்பதாகச் சொன்னார். ரயில்வே கோட்டத்து அதிகாரிகள் இருவர் வருகிறார்களாம். என் பெயரை நோட்டீசில் 'மழைக்குரலோன் மாசிலாமணி' என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 25, சனி

மாலை காஜா பாய் கடைக்குப் போய் வந்தேன். மைக் வயர் விஷயமாக.

நவம்பர் 26, ஞாயிறு

விழா சிறப்பாக நடந்தது. மழைப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். களைப்பாக இருக்கிறது.

நவம்பர் 27, திங்கள்

பொருளாளர் கொடுத்தனுப்பிய விழாக் கேடயத்தை டிவி மேல் வைத்தாள் பூங்கோதை. நான் எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். "ஏங்க?" என்றாள். தூசி படியும் என்றேன்.

காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் பாராட்டு. யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "ஒரே டேக்கில் பாடிய அந்தக் காலத்தைக் கண்முன் கொண்டுவந்தீர்கள் ஐயா." இதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை வயர் விஷயமாகப் போகவில்லை. அந்த முட்டு இருக்கட்டும் பாய், அடியில் கொஞ்சமாக, என்று சொல்லத்தான் போனேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மேடையில் பல்லவி எடுத்ததும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது முழுக்க இருதயராஜ். என் குரல் எங்குமே இல்லை. காஜா பாயைப் பார்த்தேன். அவர் தொண்டையைத் தொட்டு இருமுவதுபோல் சைகை செய்தார். என் இருமல் கேட்கக் கூடாது என்று என் மைக்கை முழுதாக அடைத்துவிட்டிருக்கிறார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் வரியில் நிறுத்தியிருக்கலாம். இடையிசை வந்தபோது, மன்னிக்கணும், தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. வாயை அசைத்தேன். போதாததற்குக் கையையும் ஆட்டினேன், கண்ணை மூடி உருகினேன். மேலே போகிற இடத்தில் வயிற்றை வேறு இறுக்கினேன்.

இருதயராஜ் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். முதல் வரியிலேயே நிமிர்ந்தான். பிலோமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கைதட்டல் அடங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. நாற்காலிக் கையில் இரண்டு தட்டு. அவ்வளவு கூட்டத்தில் அது எனக்குக் கேட்டது. நான் கேட்காததுபோல் கும்பிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன். பின்பக்கமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

'மனிதன் வாயசைக்கிறான்.' நான் எழுதியதுதான். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருக்கிறது, இந்தப் பேனாவைப் பிடிக்கவே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 28, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை. நல்லது. யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

நவம்பர் 29, புதன்

பிலோமி வந்தாள். கேட் சத்தம் கேட்டதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையில் ஒரு தூக்கு. "விரால் மீன் குழம்பு அண்ணே. உங்களுக்குப் புடிக்குமேன்னு அவர்தான் வாங்கியாந்தார். ரெண்டு வருஷத்துல அவரே சந்தைக்குப் போனது இதுதான் முதல் தடவை."

நான் உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"முதல் வரியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணே. நாப்பது வருஷமா கேட்ட குரலு, தெரியாதா? நீங்க உங்க குரலை அடக்கிக்கிட்டு, அவரை மேடையில பாட வெச்சுட்டீங்க. வாயை மட்டும் நீங்க குடுத்தீங்க. யாருண்ணே செய்வா இதை?" என்று சொல்லி அழுதாள். "வீடியோவை எத்தனை தடவை கேட்டாருன்னு கணக்கில்ல. காஜா பாய்கிட்ட அந்தப் பாட்டு முழுசா இருந்தா வாங்கித் தர்றீங்களா?"

வாங்கித் தருகிறேன் என்றேன். குரல் சரியாக வரவில்லை. அதையும் அவள் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு பூங்கோதை தூக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே, "அப்படியா செஞ்சீங்க? நீங்க அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கேலி நின்றுவிட்டது. எனக்குச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 1, வெள்ளி

பிலோமி பொருளாளர் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பொருளாளரிடம் சொல்ல, அவர் குழுவில் போட்டுவிட்டார். "நண்பனுக்காகத் தன் குரலையே விட்டுக்கொடுத்த தலைவர்." முன்பு வந்த கும்பிடு பொம்மைகள் ஒன்றுக்கு மூன்றாக வருகின்றன. இப்போது நான் பாடகன் மட்டும் இல்லை, தியாகியும்கூட.

ஒரு வரி எழுதினால் போதும். "அப்படி இல்லை, என்னால் பாட முடியவில்லை, திருடினேன்." எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, "அனைவருக்கும் நன்றி" என்று போட்டேன். இதைப் போட்ட பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

டிசம்பர் 2, சனி

காஜா பாய் பாட்டைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்" என்றார், கண்ணைச் சிமிட்டாமல், உண்மையான மரியாதையோடு. சின்ன வயதில் பரீட்சையில் காப்பியடித்து மாட்டாமல் தப்பித்தவனுக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் காட்டும் மரியாதை அது.

டிசம்பர் 4, திங்கள்

பிலோமி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து இருதயராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். பென்டிரைவைக் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அதன் மேல் ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

"இருதயம், நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "உனக்காகச் செய்யலடா. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. மேல எட்டல. காஜாகிட்ட சொல்லி உன் குரலைப் போடச் சொன்னேன். நீ முன்னால இருக்கேன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். பேர் கெட்டுடக் கூடாதுன்னு."

சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். சிலேட்டில் கிறுக்கும் சத்தம். நிமிர்ந்தேன்.

'தெரியும்.'

பொத்தானை அழுத்தி அழித்தான். மறுபடியும் எழுதினான்.

'ரெண்டாவது சரணம் நான் அரைத் தாளம் லேட்டா எடுத்திருப்பேன். ரெக்கார்டு பண்ண அன்னிக்குத் தும்மல் வந்துச்சு. வீடியோவுல பாத்தேன், நீ கரெக்டா வாயைத் தொறந்துட்டே. குரல் பின்னாடி வந்துச்சு. எனக்காக செஞ்சிருந்தா அதைக் கேட்டுப் பழகியிருப்பே.'

அவன் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

'அன்னிக்கு மேடையில ஏறி உன்னை அறையணும்னு இருந்துச்சு.'

"அறைஞ்சிருக்கலாம்டா."

'பாட்டு ஓடிட்டிருந்துச்சே.'

அதை அழித்தான். பிறகு சின்ன எழுத்தில் எழுதி, என் பக்கம் திருப்பாமலே காட்டினான். எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

'நல்லா பாடியிருக்கேன்ல?'

நான் அழுதுவிட்டேன். அறுபத்துநாலு வயதில், தெருவில் பால்காரர் போகும்போது, மூக்கு ஒழுக அழுதேன். "நல்லா பாடியிருக்கேடா. உன்னை மாதிரி யாரும் பாட மாட்டான்" என்றேன். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அதில் அவனுக்கு எந்த அடக்கமும் இல்லை.

குழுவில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேகமாகக் கையை ஆட்டினான்.

'சொல்லாதே. பிலோமி சிரிக்கிறா. ரெண்டு வருஷம் கழிச்சு. நீ சொன்னா உன் பாரம் இறங்கும். அவளுக்கு ஏறும்.'

"அப்ப நான் என்ன செய்ய?"

'சுமக்கணும்.'

கேட்டில் பிலோமியின் குடை தெரிந்தது. அவன் அவசரமாக அழித்துவிட்டுக் கடைசியாக ஒன்று எழுதினான்.

'17ஆம் தேதி கூட்டத்துல அதே பாட்டு. உன் தொண்டை.'

"கிழியும்டா."

'கிழியட்டும்.'

டிசம்பர் 6, புதன்

அமுதவல்லி டீச்சர் வீட்டுக்குப் போனேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க தலைவரே" என்றார். அந்தத் 'தலைவரே'யில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவியிருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

எல்லோர் முன்னாலும் பாட்டை நிறுத்தியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"ரூல்னா ரூல்தானே சார்."

"ரூல் தப்பு டீச்சர்."

தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு மேல போனா குரல் நடுங்கும் சார். அடியில ஒரு குரல் இருந்தா, கூட யாரோ நிக்கிற மாதிரி ஒரு தைரியம். ஏமாத்தணும்னு இல்ல. எல்லார் காதுலயும் விழுற மாதிரிதானே போட்டேன்?"

ஆமாம், அவர் மறைக்கவில்லை. எல்லோரும் கேட்கும்படி போட்டுக்கொண்டு பாடினார். அந்த வித்தியாசம் எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. ஏன் இப்போது திடீரென்று மனம் மாறினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லவும் முடியாது. மன்னிப்பில் பாதியைத்தான் என்னால் கேட்க முடிந்தது. வரும்போது கொஞ்சம் கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 11, திங்கள்

ஹாலில் உட்கார்ந்து பாடிப் பழகினேன். பூங்கோதை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேலி செய்யவில்லை. கிழிந்த இடத்தில் மட்டும் கத்தியை நிறுத்தினாள். விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலத்து மனிதனாக நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு நல்ல பாட்டு. அதைக் கேட்டவன் நல்லவன் என்று யார் சொன்னது.

டிசம்பர் 14, வியாழன்

பிளம்பர் வந்தார். வால்வில் ஒரு சின்னக் கல்.

டிசம்பர் 17, ஞாயிறு

கூட்டம். முதலில் விதியை எடுத்துவிட்டதாகச் சொன்னேன். அடியில் குரல் வைத்துப் பாடுகிறவர்கள் சொல்லிவிட்டுப் பாடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. அமுதவல்லி டீச்சர் முதல் ஆளாகப் பாடினார். நடுங்கத்தான் நடுங்கியது, ஆனாலும் நன்றாக இருந்தது.

பிறகு நான். "மழைப்பாட்டு. இன்னிக்கு என் குரல்ல" என்றேன். பொருளாளர் சிரித்தார், ஏதோ தன்னடக்கம் என்று. பிலோமி இருதயராஜிடம் குனிந்து ஏதோ சொல்லிப் பெருமையாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் நான் சுமக்க வேண்டும்.

"ஸ்கேல் குறைச்சுடவா சார்?" என்றார் காஜா பாய்.

"குறைச்சுடுங்க பாய்."

பல்லவி பரவாயில்லை. முதல் சரணத்தில் ஒரு சொல்லை மறந்து முனகிச் சமாளித்தேன். இரண்டாவது சரணம். வயிற்றை இறுக்கினேன். மேலே போனேன். குறைத்த ஸ்கேலிலும் கிழிந்தது. சாதாரணமாக இல்லை, பழைய துணியை இரண்டு கையாலும் இழுத்ததுபோல் நீளமாகக் கிழிந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மைக்கை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடாமல் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தேன்.

மரியாதைக்கு நாலு பேர் கைதட்டினார்கள். பொருளாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் இந்த மண்டபம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த அமைதியில் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு.

இருதயராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டனையா, பாராட்டா, இன்ஸ்டிட்யூட் சுவரோரத்துக் குறும்பா என்று அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. மறுபடியும் தட்டினான், இந்த முறை கொஞ்சம் பலமாக.

காஜா பாய் என்னைப் பார்த்தார். "மறுபடி போடவா சார்?"

"போடுங்க பாய்" என்றேன்.

பாடினேன். அதே இடத்தில் கிழிந்தது.